தன்னாற்றல் கூறுமிடம்

கடல் கடந்து சென்று தொழில் தேடுதல் நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் ஆங்கிலக் கல்விச் சான்றிதழொன்றைப் பெட்டியுள் வைத்துக்கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராக அமர்ந்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தால் இங்கே வீடுகள் எழுந்தன. கோயில்களும் பாடசாலைகளும் வளர்ந்தன. இற்றைநாளிலோ சான்றிதழ் மாத்திரம் போதுவதில்லை. குடிவருவோரைப் புள்ளியிட்டுத் தெரிவுசெய்யும் முறையைக் கனடா 1967 ஆம் ஆண்டில் ஏற்படுத்தியது. அவுஸ்திரேலியாவும் பின்னர் அத்தகைய முறையை மேற்கொண்டது. இன்று தொழிற்றிறன் வீசாவில் அந்நாடு செல்ல விரும்பும் ஒருவர், முதலில் தம் தொழிலுக்கென நியமிக்கப்பட்ட மதிப்பீட்டு அமைப்பின்முன் தம் ஆற்றலை எழுத்தாலே நிறுவிக்காட்டல் வேண்டும்.

இதனைப்பற்றித் தமிழாசிரியர் எழுதப் புகுவதேன் என அன்பர்கள் வினவலாம். சில ஆண்டுகளாக நம் பழைய மாணவர் சிலர் இக்காரியத்தின் பொருட்டு நம்மை நாடி வருகின்றனர். பெயரெழுத்து மாறுபாடு, பத்திர மொழிபெயர்ப்பு, தமிழ்த் தேர்வு என அவர்கள் கொண்டுவரும் காரணங்கள் பல. அவர்களோடிருந்து நாம் அறிந்துகொண்டவற்றுள் மாணவர்க்குப் பயன்படுவன சிலவற்றை இவ்விழா மலரிலே கூறுதல் தகும் எனக் கருதுகின்றோம்.

மதிப்பீடு வேறு, வீசா வேறு என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். வீசா வழங்குவது அந்நாட்டு உள்நாட்டலுவல்கள் திணைக்களம். ஆற்றலை மதிப்பிடுவதோ தொழில்தோறும் வெவ்வேறான அமைப்பு. பொறியியலாளரை எஞ்சினியேர்ஸ் அவுஸ்திரேலியா என்னும் நிறுவனமும், கணினித் துறையினரை அவுஸ்திரேலியக் கணினிச் சங்கமும் மதிப்பிடுகின்றன. முடிவு சாதகமாயின், அதன் பின்னரே வயது, ஆங்கிலம், கல்வி, அனுபவம் ஆகியவற்றின் புள்ளிகளைக் கூட்டி அழைப்புக்குக் காத்திருக்கலாம். ஆகக்குறைந்த புள்ளி 65; அழைப்புப் பெறுவோர் பெரும்பாலும் அதனினும் கூடுதலாக உடையர். அழைக்கப்படும்போது 45 வயது நிறைந்திருத்தலாகாது. 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி உண்டு. 40 முதல் 44 வரையோ 15 மாத்திரமே. மதிப்பீட்டுக் கடிதமும் பொதுவாக மூன்றாண்டுகளுக்கே செல்லும். ஆகவே ஒருமுறை தவறினவர்க்கு இழப்புப் பணம் மாத்திரமன்று, காலமுமாம்.

பொறியியலாளரின் வழி இரு கிளையாகப் பிரிகின்றது. 1989 இல் ஏற்பட்ட வாஷிங்டன் உடன்படிக்கையிலே இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் முழு உறுப்புரிமை பெற்றது. அந்நிறுவனம் அங்கீகரித்த பட்டப்படிப்பை உரிய காலத்தில் முடித்தோர்க்கு அதனால் வழி இலகுவாயிற்று. அதனுள் அடங்காதோர் திறன்காட்டும் அறிக்கை ஒன்றை எழுதல் வேண்டும். தம் தொழில் வாழ்விலிருந்து மூன்று நிகழ்வுகளைத் தெரிந்து, ஒவ்வொன்றையும் 1000 முதல் 2500 வரையான ஆங்கிலச் சொற்களில் விவரித்து, பந்திதோறும் இலக்கமிட்டு, குறித்த 16 கூறுகளுக்கும் எப்பந்தியிலே சான்றுள்ளது எனத் தொகுத்துக் காட்டல் வேண்டும். இவையனைத்தும் தன்மை ஒருமையிலே அமைதல் வேண்டும். ‘நான் அளந்தேன்’, ‘நான் கணித்தேன்’, ‘நான் மாற்றினேன்’ என்பதே அங்கு வேண்டப்படும் நடை.

நம்மவர் இடர்ப்படுவது இவ்விடத்திலேயே. உயர் தேசியப் பொறியியல் டிப்ளோமா பெற்று வன்னியில் வீதி வேலைகளில் ஈடுபட்டிருந்த பழைய மாணவர் ஒருவர், ஆங்கிலத்தில் எழுதுமுன் எண்ணத்தைத் தெளிவாக்கிக்கொள்வதற்காகத் தமிழில் வரைந்த குறிப்பொன்றை நம்மிடம் காட்டினார். மதகு ஒன்றைப் பற்றியது அக்குறிப்பு. ‘இடம் பார்வையிடப்பட்டது’, ‘அளவுகள் எடுக்கப்பட்டன’, ‘மதகின் அகலம் கூட்டப்பட்டது’ என முற்றும் செயப்பாட்டு வினையாகவே அது சென்றது. இடையிடையே ‘எங்கள் குழு’ என்றும் வந்தது. பொறியியல் நாம் கற்றதன்று, இலக்கணம் கற்பிப்போம். ஆதலின், “தம்பி, அகலத்தைக் கூட்டினது ஆர்?” என்று மாத்திரம் கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்து, “நான்தான், சேர். ஆனால் அப்படி எழுத ஒரு மாதிரி இருக்குது,” என்றார்.

பின்னர் ஒவ்வொன்றாக வினாவினோம். மாரிகாலத்தில் அவ்விடத்திலே வெள்ளம் வீதியை மேவிப் பாய்வது வழக்கமாம். முதல் வரைபடத்திலே குழாயொன்றே குறிக்கப்பட்டிருந்ததாம். இவர் அயலிலுள்ள முதிய கமக்காரரிடம் வெள்ளம் ஏறிய உயரத்தைக் கேட்டறிந்தார். மரங்களிலே நீர் படிந்த அடையாளங்களை அளந்தார். நீரேந்து பரப்பையும் மழைச் செறிவையும் கொண்டு வருநீரின் அளவைக் கணித்தார். குழாய் போதாதெனக் கண்டு இருகண் பெட்டி மதகாக மாற்ற வேண்டுமென மேலதிகாரிக்கு எழுதினார். அவரும் கணக்கைச் சரிபார்த்து உடன்பட்டார். இத்தனையும் அக்குறிப்பில் ‘அகலம் கூட்டப்பட்டது’ என்னும் இரு சொல்லுள் மறைந்து கிடந்தது. எழுவாயைத் தேடிப் புகுந்தபோது பொறியியலும் உடன் வெளிப்பட்டது.

தன்னைத் தான் கூறுதல் குற்றம் என்றே நாம் வளர்க்கப்பட்டோம். பெரியோர்முன் ‘நான்’ என்று பேசும் பிள்ளையை வீட்டிலும் கண்டிப்பர், சபையிலும் விரும்பார். இக்கட்டுரையை வரையும் நாமும் ‘நாம்’ என்றே எழுதுகின்றோம். அது இவ்விடத்துக்குரிய மரபு. எனினும், நம் இலக்கணம் இதற்கு விலக்கும் வகுத்துள்ளது. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே புலவன் ஒருவன் தன்னைப் புகழ்ந்து கூறத்தகும் இடங்கள் நான்கு எனத் தொகுத்துள்ளார். அரசவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போது கூறலாம். தன் வன்மையை அறியாதாரிடையே கூறலாம். அவையிலே வாதத்தில் வெல்லவேண்டிய பொழுதிற் கூறலாம். எதிரி தன்னைப் பழித்த போதும் கூறலாம். அவற்றுள் முதலிரண்டும் இங்கு ஒருங்கே பொருந்துகின்றன. மதிப்பீட்டு அறிக்கை என்பது வேற்று நாட்டு அவைக்கு எழுதும் ஓலை. அதைப் படிப்பவரும் நம்மை அறியாதவர். அங்கே பணிவு கருதி எழுவாயை ஒளிப்போமாயின், செய்தவன் செய்யாதவனாகவே எண்ணப்படுவான். இதனை எடுத்துரைத்தபோது அம்மாணவரின் கூச்சம் ஒருவாறு நீங்கிற்று. அறிக்கையை அவரே ஆங்கிலத்தில் எழுதினார். சில மாதங்களின் பின் சாதகமான முடிவும் கிடைத்தது.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. செய்யாததைச் செய்ததாகக் கூறல் அது. எழுதி முடித்த நிகழ்வுகளை விலைக்குத் தருவோர் நம் ஊர்களிலும் உளர். மேற்கூறிய மாணவரிடமும் ஒருவர் பெருந்தொகை பேசி, பாலங் கட்டிய கதையொன்றைக் கொடுக்க முன்வந்தாராம். மதகு கட்டியவர்க்குப் பாலம் எதற்கு? பிறர் எழுத்தைத் தம்மெழுத்தாகக் காட்டுதல் அந்நிறுவனத்தால் ஒப்புநோக்கிக் கண்டறியப்படுவது. கண்டால் விண்ணப்பம் தள்ளப்படும். குறித்த காலத்துக்கு மீள விண்ணப்பிக்கவும் தடை விழும். ஆயினும் நாம் அஞ்சுவது அத்தடைக்கு மாத்திரமன்று. மாதிரிக் கட்டுரைகளை மனனஞ்செய்து புள்ளி வாங்கும் பழக்கத்திலே ஊறிய இளைஞன், தன் கைப்பட்ட வேலையைத் தன் சொல்லாற் கூற இயலாதவனாகி, அயலான் சொல்லை விலைக்குத் தேடுகின்றான். வகுப்பறையிலே ஆசிரியன்மார் கவனிக்கவேண்டிய நோய் இதுவாகும்.

இனிப் பெயரைப் பற்றிச் சில கூறுவோம். பிறப்புச் சான்றிதழிலே தமிழில் உள்ள பெயர், பரீட்சைச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக் கூடியும், கடவுச்சீட்டில் ஓரெழுத்துக் குறைந்தும் நிற்கும். ஓரிடத்திலே தந்தை பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கும். மற்றோரிடத்திலே குடும்பப் பெயராக விரியும். மூவரும் ஒருவரே எனச் சத்தியக் கடதாசி முடித்து நிறுவவேண்டியுளது. 1995 இடப்பெயர்விலே பத்திரங்களை இழந்த குடும்பங்களுக்கு இத்தொல்லை இருமடங்காம். அனுபவத்துக்கும் வாய்ச்சொல் செல்லாது. பதவியும் காலமும் கடமைகளும் குறித்த நிறுவனக் கடிதமும், சம்பளச் சீட்டும், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் வேண்டும். ஆகவே பாடசாலை இடாப்பிலே ஒரு பிள்ளையின் பெயரை எழுதும் ஆசிரியர், இருபதாண்டின் பின் அது எங்கெல்லாம் ஒப்புநோக்கப்படும் என்பதை எண்ணி எழுதுவாராக.

நம் பாடத்துக்குரிய நற்செய்தியும் ஒன்றுண்டு. புள்ளிக் கணக்கிலே தமிழுக்கும் 5 புள்ளி உளது. அந்நாட்டு மொழிபெயர்ப்பாளர்க்கான தேசிய அங்கீகார அமைப்பு நடத்தும் சமுதாய மொழித் தேர்விலே, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 சொற்கொண்ட இரண்டு உரையாடல்கள் கேட்பிக்கப்படும். ஆங்கிலக் கூற்றைத் தமிழிலும், தமிழ்க் கூற்றை ஆங்கிலத்திலும் உடனுக்குடன் பெயர்த்துச் சொல்லல் வேண்டும். மொத்தம் 90 புள்ளியில் 63 உம், ஒவ்வோர் உரையாடலிலும் 45 இல் 29 உம் பெற்றாற் சித்தி. வைத்தியம், நீதிமன்றம், காப்புறுதி முதலியன பொருளாக வரும். அங்கே சத்திரசிகிச்சை, நட்டஈடு, பிணை, மேன்முறையீடு, அற்றோணித் தத்துவம் என்னுஞ் சொற்கள் நாவில் நிற்பவனே வெல்வான். தமிழை வீட்டுப் பேச்சளவில் நிறுத்திக்கொண்ட கெட்டிக்காரர் சிலர் இதிலே தடுமாறுவதைக் கண்டோம். தமிழ்ப்பாடம் எதற்கு உதவும் என உயர்தர விஞ்ஞான மாணவர் கேட்பதுண்டு. அவர்க்கு இதுவும் ஒரு விடை. சிறந்த விடையன்று, எனினும் விடையே.

மதிப்பீடு என்பது மனிதரின் முழுப் பெறுமதியன்று என்பதையும் கூறாது விடலாகாது. ஆசிரியத் தொழிலுக்கு அந்நாடு நான்காண்டுப் பல்கலைக்கழகக் கல்வியை வேண்டுகின்றது. ஆசிரியர் கலாசாலையிலே பயிற்றப்பட்ட சான்றிதழ் பெற்ற நம் போன்றோர், எத்தனையாண்டு கற்பித்திருப்பினும், அச்சான்றிதழால் மாத்திரம் அவ்வளவை எட்டோம். அவர் கோல் அவர்க்கு. அதனாலே கற்பித்த பாடம் கல்லாததாகிவிடாது. அவ்வாறே தள்ளப்பட்ட விண்ணப்பத்தோடு திரும்பும் இளைஞரும், தம் திறமை தள்ளப்பட்டதெனக் கருதி நலிதல் வேண்டா.

கற்றோர் இவ்வாறு பிரிந்து செல்லுதல் நாட்டுக்கு இழப்பென்பதை நாம் அறியாதோம் அல்லேம். வன்னியிலே அடுத்த மதகுக்கு வெள்ள அடையாளம் அளக்க அவர் இல்லை. ஆயினும் போவாரைத் தடுத்தல் நம் வேலையன்று; போனாலும் இருந்தாலும் மெய்யாகத் தம் தொழிலை உரைக்க வல்லாராக அவரை ஆக்குதலே நம் வேலை. ஆதலின் மாணவ மணிகளே, இன்று செய்யும் ஆய்வுகூடப் பரிசோதனையாயினும், மாணவர் மன்றப் பொறுப்பாயினும், நீர் செய்தது இன்னதென ஒரு கொப்பியிலே நாட்குறித்து உம் சொந்த நடையில் எழுதி வருவீராக. செய்ததைக் குறையாமலும், செய்யாததைக் கூட்டாமலும் எழுதப் பழகினோர்க்கு எந்நாட்டு அவையும் அச்சந் தாராது. அத்தகைய மாணவரை நம் கல்லூரி மேன்மேலும் பெற்று விளங்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.