கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்

எங்கள் ஊர்ப் பெயரில் பருத்தியும் இருக்கிறது, பட்டும் இருக்கிறது. அதை நம்பி யாராவது துணி எடுக்க வந்தால் ஏமாந்து போவார்கள். சேத்துப்பட்டு, செங்கல்பட்டு மாதிரி இந்தப் ‘பட்டு’ ஊர்ப் பெயரின் வால், அவ்வளவுதான். ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில் வந்தால் பருத்திப்பட்டு. ஊருக்கு அடையாளம் ஏரி.

சுமார் 87 ஏக்கர் ஏரி. ஒரு காலத்தில் ஆகாயத்தாமரையும் சாக்கடையும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. அரசாங்கம் தூர்வாரி, கரையில் சுமார் மூன்று கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டு, 2019ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தது. அதிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு சர்க்கரை வியாதி இருப்பது வெளியே தெரிய ஆரம்பித்தது. காலை ஆறு மணிக்கு எல்லோரும் கை வீசி நடக்கிறார்கள்.

நானும் டாக்டர் சொல்லித்தான் போனேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. பதினெட்டு வருஷம் நாற்காலியிலேயே உட்கார்ந்ததில் இடுப்பு 32லிருந்து 38க்குப் பதவி உயர்வு பெற்றிருந்தது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை.

மூன்றாம் நாள் அது நடந்தது. ஒரு கூழைக்கடா தண்ணீரில் இறங்கியது. கூழைக்கடா இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஓவர்லோடு லாரி பிரேக் போடுகிற மாதிரி இருக்கும். இரண்டு காலையும் முன்னால் நீட்டி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து, நின்றதும் ஒன்றுமே நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும். பின்னால் கலைந்த தண்ணீரில் வானம் துண்டு துண்டாக மிதந்தது.

என் வலது கை தானாக ஒரு கோடு போட்டது, காற்றில். பின்னால் நடந்து வந்த பெரியவர், “என்ன சார், கொசுவா?” என்றார்.

கொசு இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய வியாதி.

ஸ்கூலில் நான்தான் ‘படம் போடற பையன்’. சயின்ஸ் டீச்சருக்கு இதயத்தின் குறுக்குவெட்டு, ஹெட்மாஸ்டருக்கு சுதந்திர தினப் போர்டு, நண்பர்களுக்கு ரஜினி. பிளஸ் டூ முடிந்ததும் எழும்பூர் கவின் கலைக் கல்லூரிக்கு அப்ளிகேஷன் வாங்கி வந்தேன். 1850ல் ஆரம்பித்த கல்லூரி. மெரினாவில் நான்கு பேர் பாறையைப் புரட்டுகிறார்களே, அந்த உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி பிரின்சிபாலாக இருந்த இடம்.

அப்பா அப்ளிகேஷனைப் பார்த்தார். மடித்தார். “பி.காம். சேரு. சீக்கிரம் ஒரு வேலைக்குப் போ” என்றார். காரணம் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் காரணம் கேட்கிற வழக்கமும் இல்லை. பிரஷ்ஷைக் கழுவி வைத்தேன். அப்புறம் எடுக்கவே இல்லை.

*

கூழைக்கடாவைப் பார்த்த வாரமே நகரத்தில் பெரிய ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். ஏ.சி. கடை. வாட்டர் கலருக்கு உத்தமமான தாள் முழுக்கப் பருத்தியில் செய்தது என்றார்கள். 300 ஜி.எஸ்.எம். அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் 300 கிராம் எடை. தண்ணீர் ஊற்றினாலும் அப்பளம் மாதிரி நெளியாது. இறக்குமதிச் சரக்கு. ஒரே ஒரு தாளின் விலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரம் பால் வாங்கலாம்.

வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து விரித்தேன். பென்சிலை எடுத்தேன். கை நடுங்கியது. தப்பாகப் போனால் ஏழு நாள் பால்! தாளைச் சுருட்டி பீரோவில் அம்மாவின் கூறைப்புடவைக்குப் பக்கத்தில் வைத்தேன். பருத்தியும் பட்டும் அருகருகே. ஊர்ப் பெயர் அன்றைக்குத்தான் பொருத்தமாக அமைந்தது.

இரண்டு மாசம் அந்தத் தாள் அங்கேயே இருந்தது. அது இருக்கிற தைரியத்தில் நானும் வரையாமலே இருந்தேன்.

*

ஒரு சனிக்கிழமை ஆவடியிலிருந்து பீச் போகிற ரயிலில் ஏறிவிட்டேன். பீச் ஸ்டேஷனில் இறங்கி ரோடைத் தாண்டினால் பாரிமுனை. அதன் சந்துகளில் ஒன்று ஆண்டர்சன் தெரு. தெரு முழுக்கக் காகிதம்தான். ரீம் ரீமாக வெள்ளைத் தாள், அட்டை, கல்யாணப் பத்திரிகை. தமிழ்நாட்டில் பாதிக் கல்யாணங்களுக்கு முதல் முகூர்த்தம் இங்கேதான் நடக்கிறது.

ஒரு சின்னக் கடையில் கேட்டேன். “வாட்டர் கலர் பேப்பர் இருக்கா?”

முதலாளி கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். “வரையறதுக்கா, மாட்டறதுக்கா?”

“புரியலை.”

“மாட்டறதுக்குன்னா காஸ்ட்லியா தர்றேன். வரையறதுக்குன்னா இந்த கார்ட்ரிட்ஜ் ஷீட் எடுத்துக்குங்க. நூறு படம் கெடுங்க. அப்புறம் அதுக்கு வாங்க.”

இருபது வருஷத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான ஆலோசனை அதுதான்.

கார்ட்ரிட்ஜ் தாள் ஈரத்தில் நெளியும். அதற்கு வைத்தியம் இருக்கிறது. பரீட்சை அட்டையில் வைத்து நான்கு பக்கமும் பேப்பர் டேப் ஒட்டிவிடுங்கள். காய்ந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். தாளுக்குத் தண்ணீர் தாங்குமா என்று தெரிய ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்க்கலாம். நாக்கு ஒட்டிக்கொண்டால் பிளாட்டிங் பேப்பர் மாதிரி உறிஞ்சும் என்று அர்த்தம். இதைக் கடையில் செய்யும்போது முதலாளி திரும்பியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பருத்தித் தாள்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்கும் வழி உண்டு. நம் ஊர்க் கைத்தயாரிப்புத் தாள். பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் செய்கிறார்கள், கதர்க் கடைகளிலும் கிடைக்கும். பனியன் கம்பெனிகளில் வெட்டிப் போட்ட துணியைக் கூழாக்கிச் செய்கிற தாள் இதில் நிறைய. போட்டுக் கிழித்த பனியன் மேலேயே படம் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கலருக்கு நமக்குக் கேமல் இருக்கவே இருக்கிறது. 1931ல் பம்பாயில் தண்டேகர் குடும்பம் ஆரம்பித்த கேம்லின் கம்பெனி. ஸ்கூல் டப்பாவில் பார்த்த அதே ஒட்டகம். மாணவர்களுக்கான டியூப் செட் போதும். பன்னிரண்டு டியூப் இருந்தாலும் மஞ்சள், சிவப்பு, நீலம், பிரவுன் நான்கும்தான் தினமும் கரையும். டியூபிலிருந்து நேராக வருகிற பச்சையைப் பூசினால் ஏரிக்கரை பிளாஸ்டிக் செடி மாதிரி இருக்கும். மஞ்சளும் நீலமும் கலந்து ஒரு துளி சிவப்பு விடுங்கள், வேப்பமரம் வரும். கறுப்பு டியூபைத் தொடாதீர்கள். அடர் நீலத்தில் பிரவுனைக் கலந்தால் உயிருள்ள கறுப்பு கிடைக்கும். மலிவுக் கலருக்கு ஒரு குறை: சிலது வெயில் பட்டால் வெளுத்துவிடும். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்.

பிரஷ்ஷில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பத்து பிரஷ் செட் வேண்டாம். நுனி கூராக நிற்கிற எட்டாம் நம்பர் ரவுண்டு ஒன்று போதும், வானமும் பூசலாம், கொக்கின் காலும் இழுக்கலாம். பேலட்டுக்கு விளிம்பு உடைந்த பீங்கான் தட்டு. ஒற்றி எடுக்கப் பழைய வேட்டி. வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் மெழுகுவர்த்தியால் தேய்த்துவிட்டால் கலர் ஒட்டாது, தண்ணீரில் மினுமினுப்பு வரும்.

*

காசில்லாமல் படம் போடுவது மெட்ராஸுக்குப் புதிதில்லை. எழும்பூர்க் கல்லூரியில் பிரின்சிபாலாக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் துணியில் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். காலையில் வயிற்றுக்கு பாத்திக், மீதி நேரம் மனசுக்கு ஓவியம். ஆதிமூலம் வெறும் கறுப்பு மையை வைத்துக்கொண்டு காந்தியைக் கோடு கோடாக வரைந்து பெயர் வாங்கினார். நான் அக்கவுன்ட்ஸ் பார்த்துவிட்டு ஏரியை வரைவதில் தப்பே இல்லை என்று அந்த சனிக்கிழமை ரயிலில் திரும்பி வரும்போது தீர்மானித்தேன்.

*

கார்ட்ரிட்ஜ் தாள் ஒரே மாசத்தில் தீர்ந்துவிட்டது. மறுபடி பாரிமுனை போகச் சோம்பல். அப்போதுதான் பரணில் அந்தப் பையைப் பார்த்தேன். அம்மா சேர்த்து வைத்த கல்யாணப் பத்திரிகைகள். இருநூறாவது இருக்கும். பளபளப்பானது உதவாது, கலர் ஓடிவிடும். பழைய காலத்துச் சொரசொரப்பு அட்டை அருமை. பின்பக்கம் வெள்ளை வெளேர்.

“ஏங்க, எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணப் பத்திரிகைல எருமை மாடா போட்டிருக்கீங்க?” என்றாள் என் மனைவி.

“அது எருமை இல்லை. நீர்க்காகம். ரெக்கையைக் காயவைக்குது.”

“எங்க சித்தப்பா கிட்ட அப்படியே சொல்லுங்க” என்று போய்விட்டாள். ஆனால் அடுத்த நாள் நல்ல அட்டையாகப் பத்து பொறுக்கி வைத்தவளும் அவள்தான். எல்லாம் என் பக்கத்துச் சொந்தங்கள்!

அப்பாவுக்கு எழுபத்தைந்து வயசு. போன மாசம்தான் இரண்டாவது கண்ணுக்கும் புரை ஆபரேஷன் முடிந்தது. புரை முற்றினால் மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி, நீலம் உள்ளே வராது. அல்லிக்குளங்களாக வரைந்த பிரெஞ்சுக்காரர் மோனேவுக்கு இதே தொல்லை. அவர் 1923ல் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று அவஸ்தைப்பட்டாராம். எங்கள் அப்பா அவஸ்தையெல்லாம் படவில்லை. சுவரைப் பார்த்து, “இது வெள்ளையா? நான் சந்தன கலர்னு நினைச்சிண்டிருந்தேனே” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரையும் ஏரிக்கு அழைத்துப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து நான் வரைந்தேன். அவர் ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்தார், அப்புறம் என் அட்டையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கை நீட்டி வாங்கி, திருப்பினார்.

எனக்குத் திக்கென்றது. அவசரத்தில் முன்பக்கத்தைப் பார்க்காமல் எடுத்து வந்திருந்தேன். மேலே பிள்ளையார், கீழே அக்காவின் பெயர். நான் பிளஸ் டூ முடித்த வருஷத்து வைகாசி மாதம்.

அப்பா ஒவ்வொரு வரியாகப் படித்தார். கண்ணாடி இல்லாமல் படிக்க முடிவதே அவருக்கு ஆச்சரியம்.

“இதுக்குத்தாண்டா அப்ப கடன் வாங்கினேன்” என்றார். “நீயும் சம்பாதிச்சாத்தான் அடைக்க முடியும்னு இருந்தது.”

நான் பிரஷ்ஷைத் தண்ணீரில் அலசினேன். அலசிக்கொண்டே இருந்தேன். ஒரு கூழைக்கடா இறங்கிப் போய் நின்றது.

அப்பா அட்டையைத் திருப்பி, ஏரி இருந்த பக்கத்தைக் கண்ணருகே கொண்டு போனார்.

“இந்தப் பக்கம் நீலம் பத்தலை” என்றார். “இன்னும் கொஞ்சம் போடு.”