முந்திரித் தோப்பில் வேன் நிற்குமா?

விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எனக்கு இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு இருக்கிறது. தார்ச்சாலையை ஒட்டியே இருக்கிறது. வேனையே வீடு மாதிரி மாற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள், பாதி மரத்தை எடுத்துவிட்டு அவர்கள் தங்க 'கேரவன் பார்க்' போடலாம் என்கிறான் என் மகன். நகையை வைத்துக் கடன் வாங்கிச் செய்யலாமா?"

கேள்வி பதில் பகுதியில் நாலு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் தனியாகவே எழுதுகிறேன். முதலில் பதில்: மரத்தை வெட்ட வேண்டாம், நகையையும் வைக்க வேண்டாம். ஆனால், உங்கள் மகன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம்.

கேரளா 2021-ம் ஆண்டு 'கேரவன் கேரளா' என்று ஒரு திட்டத்தைக் கொண்டு வந்தது. அதில் வண்டிகள் நிற்கும் பூங்கா அமைக்கக் குறைந்தது 50 சென்ட் நிலமும், ஐந்து வண்டிகளுக்கு இடமும் இருக்க வேண்டும். நம் மாநிலத்தின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் முதல் போடக்கூடியவர்களுக்கு. இரண்டு ஏக்கர்காரருக்குப் பொருந்துகிற வழி பிரான்ஸ் நாட்டில் இருக்கிறது. அங்கே 1990-களின் தொடக்கத்திலிருந்து 'பிரான்ஸ் பாசியோன்' என்ற ஏற்பாடு நடக்கிறது. திராட்சைத் தோட்டக்காரர், பாலாடைக்கட்டி செய்கிறவர், தேனீ வளர்ப்பவர் என்று விவசாயிகள் தங்கள் இடத்தில் வீட்டு வேன்களை ஒரு நாள் இலவசமாக நிறுத்த விடுகிறார்கள். வந்தவர் எதையும் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் காலையில் கிளம்பும்போது பெரும்பாலானவர்கள் கை நிறைய வாங்கிக்கொண்டுதான் போவார்கள். விவசாயி கட்டடம் எதுவும் கட்டவில்லை. இருந்த இடத்தைத்தான் கொடுத்தார்.

போன தை மாதம் இதை இங்கேயே பார்த்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற கணவன் மனைவி இருவர் மாற்றியமைத்த வேனில் வந்து, எனக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் களத்தில் இரண்டு ராத்திரி தங்கினார்கள். முந்திரிக் கொட்டை காயவைக்கிற களம் அது. வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் இருந்தது. அவர்கள் கேட்டது நாலே விஷயம்: சமதளமான தரை, நல்ல தண்ணீர், சுத்தமான கழிப்பறை, ராத்திரியில் பயமில்லாமல் தூங்கப் பக்கத்தில் ஒரு வீடு. ராத்திரிக்கு 300 ரூபாய் கொடுத்தார்கள். கிளம்பும்போது மூன்று கிலோ முந்திரிப் பருப்பு, பனங்கிழங்கு, நாட்டுக்கோழி முட்டை என்று வாங்கியது அதைவிடப் பல மடங்கு. கடைக்காரரிடம் போகிற லாபம் அன்றைக்கு அந்த அம்மாவின் சுருக்குப் பையில் விழுந்தது.

இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஊர் சுற்றுகிறவர்கள் நம் பக்கம் வருவது மார்கழி கடைசியிலிருந்து மாசி வரை. அதற்கு முன்னால் மழை, பின்னால் வெயில். முந்திரிக்களம் நமக்குத் தேவைப்படுவதோ பங்குனியிலிருந்து வைகாசி வரை. அதாவது, அவர்கள் வருகிற காலத்தில் களம் சும்மாதான் கிடக்கிறது. அது கெட்டித்த தரை. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக ஒட்டுக்கன்று வைத்து, அது கையில் காசு நிற்கிற அளவுக்குக் காய்க்க எத்தனை வருடம் காத்திருந்தோம் என்பது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். புயல் விட்டுவைத்ததை நாமே வெட்டலாமா?

"எங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றும் அவர் கேட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சின்ன வயதில் மாசி மகத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு விருத்தாசலம் வருவோம். வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்துப் படுக்கை. மணிமுத்தாற்று மணலில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, மூன்று கல் கூட்டி அம்மா சோறு வடிப்பார். வீட்டோடு பயணம் போவது வெளிநாட்டார் கண்டுபிடித்த சங்கதி இல்லை.

விருத்தகிரீஸ்வரர் கோயிலும், பிராது எழுதிக் கட்டுகிற மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலும் ஊரிலேயே இருக்கின்றன. பீங்கான் தொழிற்பேட்டைக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போனால், களிமண் கூழை அச்சில் ஊற்றிப் பொம்மை எடுப்பதை வாய் பிளந்து பார்ப்பார்கள். தெற்கே ஸ்ரீமுஷ்ணம் பூவராகர், அதையும் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் ஏரிக்கரையில் சாயங்காலம் வண்டி ஓட்டிப் போவது தனி சுகம். ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் பச்சை வயல். மேற்கே தொழுதூர் பக்கம் 1923-ல் கட்டி முடித்த வெலிங்டன் ஏரி. சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்களில் எத்தனை பேர் அதை எட்டிப் பார்த்திருப்பார்கள்? கிழக்கே பிச்சாவரம் சதுப்புநிலக் காடு, 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இவை எல்லாமே பகலில் பார்க்கிற இடங்கள். ஏரிக்கரையிலோ காட்டு ஓரத்திலோ ராத்திரி வண்டி போட்டுத் தூங்க முடியாது, கூடவும் கூடாது. பகலில் சுற்றியவர்களுக்கு ராத்திரி நிற்க ஓர் இடம் வேண்டும். உங்கள் களத்துக்கு வேலை அங்கேதான்.

வெளியூர்க்காரர் நம் நிலத்தில் தங்குவது புதுசா என்ன? ஆட்டுக்கிடை போடுகிறோம், அறுப்பு முடிந்த வயலில் வாத்துக்காரர் தங்குகிறார். கிடைக்காரருக்கு நாம்தான் பணம் கொடுக்கிறோம், ஏனென்றால் அவர் விட்டுப்போவது எரு. வேன்காரர் விட்டுப்போவது அப்படி இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கல்வாழைப் பாத்திக்கு விடலாம். வண்டிக்குள் இருக்கும் கழிப்பறைத் தொட்டியை மட்டும் தோப்பிலோ வாய்க்காலிலோ திறக்கவே விடாதீர்கள். அதில் நாற்றம் போக ரசாயனம் ஊற்றுவார்கள். உங்கள் வீட்டு செப்டிக் டேங்கில் கொட்டினால்கூட, அதில் மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் செத்துப்போகும். "எங்கள் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள், உங்கள் தொட்டியை இங்கே திறக்காதீர்கள்" என்று வந்தவுடனேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, மின்சாரம். பம்புசெட்டுக்கு வருகிற இலவச மின்சாரத்திலிருந்து வண்டிக்கு ஒயர் இழுத்தால் அபராதம் வரும், இணைப்புக்கே ஆபத்து. கொடுப்பதானால் முறைப்படி அதற்குரிய இணைப்பு வாங்கிக் கொடுங்கள். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் வண்டிமேல் சோலார் தகடு வைத்திருந்தார்கள், மின்சாரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

முந்திரியில் துளிர், பூ, பிஞ்சு என்று தேயிலைக் கொசுவுக்கு மருந்து அடிக்கிற காலமும் இதே தை, மாசிதான். மருந்து அடிக்கிற வாரத்தில் யாரையும் வரச் சொல்லாதீர்கள். ஒரு ராத்திரி வாடகைக்காகப் பூச்சியை விட்டுவைப்பதும் நஷ்டம், வந்தவர் மூக்கில் மருந்து ஏறுவதும் வம்பு. காய்ந்த முந்திரிச் சருகு பெட்ரோல் மாதிரிப் பற்றும். அதனால் களத்தைச் சுற்றிப் பத்தடிக்குக் கூட்டி எடுத்துவிட்டு, அடுப்பு களத்துக்குள்தான் என்று கறாராகச் சொல்லுங்கள். பச்சைக் கொட்டையைக் குழந்தைகள் கடித்தால் பால் பட்டு வாய் வெந்துவிடும். நகரத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

தங்குகிறவர்களின் ஆதார் நகலையும் வண்டி எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வெளிநாட்டவர் என்றால் அவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் முதல் வருடம் நம் நாட்டவரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செலவு என்று பார்த்தால் கழிப்பறையைச் சீர்செய்வது, ஒரு குழாய், ஒரு விளக்கு. அதைக் கையில் இருப்பதை வைத்தே செய்துவிடலாம். வரும் தையில் இரண்டு மூன்று குடும்பம் வந்து போகட்டும். அவர்கள் மறுபடி வருகிறார்களா, பருப்பு எவ்வளவு விற்றது என்று மகனைக் கணக்கு எழுதச் சொல்லுங்கள். கடன் பேச்சை அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எடுக்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. பெரிய வேன்கள் பத்தடி உயரம்கூட இருக்கும். பன்னிரண்டு அடி மூங்கில் கழி ஒன்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சாலையிலிருந்து களம் வரை மகனை நடக்கச் சொல்லுங்கள். வழியில் தொங்குவது கிளை என்றால் கவாத்துச் செய்துவிடலாம். மின்கம்பி தாழ்ந்திருந்தால் பக்கத்தில் போகாமல் மின்வாரிய அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.