காற்றைப் பார்த்து நாள் குறித்தல்

பயணம் என்பது புறப்படும் நாளில் தொடங்குவதன்று என்பது என் கருத்து. வீட்டு மேசையில் ஒரு வரைபடத்தையும் ஒரு நாட்காட்டியையும் விரித்து வைத்துக்கொண்டு, நான்கு பேர் கூடியிருந்து ஐந்து கருத்துகளைக் கூறும் வேளையிலேயே அது தொடங்கிவிடுகிறது. சில குடும்பங்களில் அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு. கொழும்பில் வாழும் நம்மவர்கள் விடுமுறையென்றால் நுவரெலியா, இல்லையேல் கதிர்காமம், அதுவும் இல்லையேல் ஊர் என்று மூன்று திசைகளையே அறிந்தவர்கள். இம்முறை எங்கள் வெள்ளவத்தை வீட்டில் நான்காவது திசையொன்று முளைத்தது. அதன் பெயர் கற்பிட்டி.

முளைக்கச் செய்தவள் என் மகள். உயர்தர வகுப்பில் படிக்கிறாள். ஏதோவொரு விடுதியின் விளம்பரத்தை எனக்குக் காட்டினாள். நீல நீரின்மேல் ஒரு பெண் பலகையொன்றிற் கால் பதித்து நிற்க, வானத்திலே பெரியதொரு பட்டம் அவளை இழுத்துச் செல்கிறது. கீழே, "ஆளரவமற்ற கடற்கரை, மனிதக் காலடி படாத மணல்மேடுகள்" என்று எழுதியிருந்தது. மாணவரின் கட்டுரைகளை ஆண்டாண்டாகத் திருத்தி வந்தவனுக்கு அடைமொழிகளைக் கண்டால் உடனே நம்பிவிட முடிவதில்லை. காலடி படாத இடத்திற்கு விடுதிக்காரர் எப்படிப் போனார் என்று கேட்டேன். மகள் சிரிக்கவில்லை.

ஆயினும் இடம் நல்ல இடந்தான். வரைபடத்தைப் பாருங்கள். புத்தளத்துக்கு மேற்கே, தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நீட்டிய விரல்போல ஒரு நிலத்துண்டு கடலுக்குள் கிடக்கிறது. ஒருபுறம் மன்னார்க் குடாவை நோக்கிய பெருங்கடல், மறுபுறம் புத்தளக் கடனீரேரி. ஊரவர் அதனைக் களப்பு என்பர். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் வழியாகச் சென்று, புத்தளத்துக்குச் சற்று முன்னே பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்பினால், உப்பளங்களையும் நுரைச்சோலையையும் கடந்து கற்பிட்டியை அடையலாம். ஏறக்குறைய 165 கிலோமீற்றர் தூரம். நுரைச்சோலையில் 2011ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நெடுந்தூரத்துக்குத் தெரியும். இப்போது மூன்று பொறிகளுமாக 900 மெகாவாற் மின்சாரம் பிறக்கும் இடம் அது. வெள்ளவத்தையில் நாம் சுழலவிடும் மின்விசிறிக்கும் அந்த மணலுக்கும் தொடர்புண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தேன்.

நாள் குறிப்பதிலேதான் முதற் சிக்கல் எழுந்தது. மகளுக்கு வேண்டியது காற்று. மகனுக்கு வேண்டியது ஓங்கில். புத்தகங்களில் டொல்பின் என்று படித்துவிட்டு, கூட்டங்கூட்டமாகத் துள்ளும் அவற்றைக் கற்பிட்டிக் கடலிற் காணலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறான். கேள்விப்பட்டது மெய்தான். ஆனால் இவ்விரண்டும் ஒரே காலத்தில் ஒத்துவருவன அல்ல. மே மாதம் முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அப்பக்கத்தில் விடாது வீசும். அது பட்டக்காரருக்குப் பொற்காலம். அதே காற்றினால் வெளிக்கடல் கொந்தளிப்பதால், ஓங்கில் பார்க்கும் படகுகள் அந்நாளில் ஓடமாட்டா. கடல் அடங்கி அவை ஓடும் காலம் நவம்பர் முதல் ஏப்பிரல் வரை. டிசெம்பரின் நடுவிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை ஓரளவு காற்று வருமென்றாலும், அது தென்மேற்கின் உறுதி உடையதன்று. நாம் பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிப்பவர்கள். கற்பிட்டிக்கோ காற்றைப் பார்த்தே நாள் குறிக்கவேண்டும்.

ஓகஸ்ட் விடுமுறையே வென்றது. மகன் ஒரு கிழமை என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. என் தாயார் பேத்தியின் பக்கம் சாய்ந்ததே வெற்றிக்குக் காரணம். அவருக்குப் பட்டத்தில் நாட்டமில்லை. அந்நாளில் முன்னேஸ்வரத்தில் மகோற்சவம் நடைபெறும், போகும் வழியில் கும்பிடலாம் என்பதே அவர் கணக்கு. நான் அதில் ஒரு திருத்தம் மட்டும் செய்தேன். தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்தின் பெருவிழாவும் ஓகஸ்ட் மாதத்திலேயே வருவதால், அந்நாட்களில் தீவகற்பத்தின் ஒற்றைத் தெரு நிறைந்து வழியும். ஆதலால் அதற்குப் பின்னரே புறப்படுவதென்று முடிவாயிற்று.

அடுத்தது அந்தப் பட்டத்தின் சங்கதி. காற்றுச் சறுக்கு என்று நாங்கள் வீட்டில் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். வடமராட்சியிற் பிறந்து வளர்ந்த என் தாயாருக்குப் பட்டம் புதிதன்று. கொக்குப் பட்டமும் எட்டுமூலைப் பட்டமும் விண் பூட்டி இரவிரவாகக் கூவவிட்ட ஊர் அவருடையது. படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி இது: "உதிலை பிள்ளை பட்டத்தைப் பிடிக்குதோ, பட்டம் பிள்ளையைப் பிடிக்குதோ?"

பெளதிகவியல் கற்பிக்கும் ஆசிரியர்கூட இதைவிடச் சுருக்கமாகக் கேட்டிருக்கமாட்டார். பட்டந்தான் பிள்ளையைப் பிடிக்கிறது. இருபது மீற்றருக்கு மேற்பட்ட நான்கு கயிறுகள் பட்டத்திலிருந்து வந்து ஒரு கைப்பிடித் தண்டில் முடிகின்றன. அத்தண்டு இடுப்பிற் கட்டிய வாரில் கொளுவப்படுகிறது. ஆபத்து வேளையில் இழுப்பதற்கு ஒரு கொக்கி உண்டு. அதை இழுத்தால் பட்டம் வலுவிழந்து நீரில் விழும். பழக்குநரின்றி எவரும் தொடக்கூடாது, நீச்சல் தெரிந்திருக்கவேண்டும், முதல் நாட்களில் பலகைக்கே வேலையில்லை, பட்டத்தை அடக்குவதே பாடம். கட்டணம் வெளிநாட்டுப் பயணிகளின் பையை அளவாகக் கொண்டது. ஆகவே முழுப் பயிற்சி இல்லை, ஒருநாட் பாடம் மட்டுமே என்று மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் அதற்காக இப்போது காலிமுகத்திடலிற் சாதாரணப் பட்டம் விட்டுப் பழகுகிறாள்!

ஏன் கற்பிட்டியில் மட்டும் இது இத்துணைச் சிறப்பு என்று தேடிப்பார்த்தபோதுதான் மணல்மேடுகளின் பெருமை விளங்கிற்று. கடலுக்கும் களப்புக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிடல்கள் கிடக்கின்றன. கடலிலிருந்து வரும் அலையை அவை தடுத்துவிடுகின்றன, காற்றைத் தடுப்பதில்லை. அதனால் அப்பாலுள்ள நீர் கண்ணாடிபோலக் கிடக்க, அதன்மேற் காற்று மட்டும் முழுவேகத்துடன் வீசுகிறது. மணல் இல்லையேல் விளையாட்டும் இல்லை. அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பன இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியுமே. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் பாட்டிமார் சொல்வதைக் கண்ணாற் காண விரும்புவோர் ஒரு மணல்மேட்டுக்குப் போகவேண்டும். மேட்டின்மீது மோட்டார் வண்டி ஓட்டலாமா என்று மகன் கேட்டான். இதில் மட்டும் நான் இணங்கவில்லை. கொடி அறுந்தால் மணல் நடக்கத் தொடங்கும். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, யால கரையில் கடற்காட்சிக்காக மேட்டை வெட்டித் தாழ்த்தியிருந்த ஒரு விடுதி முற்றாக அழிந்தது; மேடு குலையாதிருந்த அயலிடங்கள் பெரிதும் தப்பின.

தண்ணீரைப் பற்றியும் வீட்டாருக்கு ஒரு சொல் சொன்னேன். அம்மணலுக்குக் கீழே மழைநீர் உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அதைக் கொண்டே அங்குள்ளோர் வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கின்றனர். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். எனவே வெள்ளவத்தைக் குளியல் அங்கே செல்லாது.

எனக்கென்று ஓர் ஆசையும் உண்டு. "தமிழ் புளூராக்" என்னும் நூலை 1859இல் வெளியிட்டுத் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்திலே தொகுத்துத் தந்த சைமன் காசிச்செட்டி 1807ஆம் ஆண்டு பிறந்த ஊர் கற்பிட்டி. இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசைப்படுத்திய அவரது இடவிளக்க நூல் 1834இல் அச்சேறியபோது அவருக்கு வயது இருபத்தேழு. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை நிற்கும் ஊர் என்று வழிகாட்டிகள் எழுதுகின்றன. இவரைப் பற்றி ஒரு வரி எழுதுவோர் அரிது. கொட்டாஞ்சேனையில் வளர்ந்த நாளில், பழைய புத்தகம் விற்கும் ஒரு கடையில் இவர் பெயரை முதன்முதற் கண்டேன். அவர் நடந்த தெருவில் ஒருமுறை நடக்கவேண்டும். பிள்ளைகள் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவும் திட்டமான பின்னர், கல்லூரி ஆசிரியர் அறையில் இதனைச் சற்றுப் பெருமையோடு பேசிக்கொண்டிருந்தேன். கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் விடைத்தாள்களிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவர் மன்னார்த் தீவைச் சேர்ந்தவர், முஸ்லிம்.

"எங்க தங்கப் போறீங்க, சேர்?"

"ஆலங்குடாப் பக்கம்."

"அந்தக் கரை எனக்குத் தெரியும்," என்றார். பிறகு விடைத்தாளைப் பார்த்தபடியே சொன்னார். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது அவருக்கு வயது எட்டு. யாழ்ப்பாணத்து மக்கள் தரைவழியாக நடந்தார்கள். மன்னார்த் தீவினர் பலர் படகுகளிற் கொண்டுவரப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் இறக்கப்பட்டார்கள். "இடுப்பளவு தண்ணியில இறங்கினோம். உம்மாட தலையில ஒரு மூட்டை, இடுப்பில தங்கச்சி. நான் வாப்பாட சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு நடந்தேன்." அங்கிருந்த ஊரவர் சோறு கொடுத்து, இடமும் கொடுத்தனர். ஆலங்குடாவில் ஒரு கிடுகுக் குடிலில் அவர் பத்தாண்டுகள் வளர்ந்தார். விளக்கு வெளிச்சத்திற் படித்துப் பட்டதாரியானார். போர் 2009இல் முடிந்தபின் சிலர் மன்னாருக்குத் திரும்பினர். அவருடைய தாயார் திரும்பவில்லை. "பத்து வருசம் அந்தக் கடலுக்குப் பக்கத்தில இருந்தேன், சேர். ஒருநாளும் அதில குளிச்சதில்ல."

வடக்கிலிருந்து அவ்வாறு விரட்டப்பட்டோர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் புத்தள மாவட்டத்திலேயே ஒதுங்கினர். மனிதக் காலடி படாத மணல் என்று விளம்பரம் சொல்வது அந்தக் கரையைத்தான். அதற்கு முன்னும் அது வெறுங்கரையாக இருந்ததில்லை. வலை இழுப்போர் காலங்காலமாகக் கால் பதித்த நிலம் அது. பதினான்கு தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலாத் திட்டம் வந்தபோது, தம் கரை பறிபோகும் என்று அம்மீனவர் எதிர்த்து நின்றதும் அதனாற்றான். தமிழின் பெயரால் நடந்த ஒரு கொடுமையை ஒரு தமிழாசிரியரிடம், குரலை உயர்த்தாது, விடைத்தாள் திருத்திக்கொண்டே ஒருவர் சொல்லும்போது, கேட்பவனுக்குப் பதில் வருவதில்லை. எனக்கும் வரவில்லை. மணி அடித்தது, வகுப்புக்குப் போனோம்.

அன்றிரவு இதனை வீட்டிற் சொன்னேன். மகள் விளம்பரத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தாள். என் தாயார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின், அகதி முகாமொன்றிலிருந்து சரக்குக் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர் அவர். அப்போது அவர் இடுப்பிலிருந்த மூன்று வயதுக் குழந்தை நான். எனக்கு அந்தக் கடல் நினைவில்லை. அவருக்கு நினைவுண்டு, அதன்பின் அவர் கடலில் கால் நனைத்து நான் கண்டதில்லை. வெள்ளவத்தையில் கடல் ஒரு கூப்பிடு தூரம். மாலையில் தண்டவாளத்துக்கு இப்பால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

"தம்பி, அந்தப் பிள்ளையின்ரை தாய் இப்பவும் உங்கைதானோ இருக்கிறா?" என்று கேட்டார்.

"ஓம், ஆலங்குடாவிலைதான்."

"அப்ப அவையளையும் கூட்டிக்கொண்டு போவம். அந்த மனிசியை நான் ஒருக்காப் பார்க்கவேணும்."

மறுநாள் நண்பரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, மனைவியும் இரு பிள்ளைகளும் தாமுமாக வருவதாகச் சொன்னார். அவருடைய உம்மா ஒருநாட் பகலுணவு தம் வீட்டில்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டாராம். எங்கள் வீட்டில் அம்மா சைவம் என்பதை நான் மெல்ல நினைவூட்டினேன். "அதெல்லாம் உம்மா கேட்டுட்டா, சேர். சமைக்கப் புதுச் சட்டி வாங்கி வச்சிருக்கா," என்றார்.

ஆக, திட்டம் இப்போது திருத்தப்பட்டிருக்கிறது. முதல் நாள் முன்னேஸ்வரம், மாலையில் ஆலங்குடா. இரண்டாம் நாள் காலை காற்றுச் சறுக்குப் பாடம். மகளோடு நண்பரின் மூத்த மகனும் சேர்ந்துகொள்கிறான். அந்த ஆபத்துக் கொக்கியைத் தமக்கு முதலில் இழுத்துக் காட்டவேண்டும் என்று என் தாயார் நிபந்தனை விதித்திருக்கிறார். பகல் உணவு உம்மா வீட்டில். மூன்றாம் நாள் காசிச்செட்டிக்குரிய அரைமணி நேரம், பின்பு கோட்டை வாயில், பின்பு வீடு. நண்பர் நீச்சலுடை வாங்குவாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முன்பு பேசியிருந்த எட்டு ஆசன வான் இனிப் போதாது. கொட்டாஞ்சேனையில் பதினான்கு ஆசன வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் வாடகை கேட்டிருக்கிறேன். பாலாவிக்கு அப்பாற் செல்வதற்குத் தனிக்கட்டணம் வேண்டுமென்கிறார். பேசிக் குறைக்கவேண்டும்.