ஒரகடத்து ஃபைபர் அண்ணனுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பெயர் போடாமல் எழுதுகிறேன். பத்திரிகையில் பெயர் வந்தால் கட்டட ஓனர் வாடகையை ஏற்றிவிடுவார் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற பக்கம் ஃபைபர் பட்டறை என்று கேட்டாலே ஆள் காட்டுவார்கள், அது போதும்.

டெக்சாஸில் இருக்கும் என் தம்பி வீட்டு கார் ஷெட்டில் ஏரோப்ளேன் கட்டுகிறான் என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் "எத்தனை சீட்டு?" என்று கேட்டீர்கள். இரண்டு சீட்டு. ஒரிகான் மாநிலத்து வேன்ஸ் கம்பெனி பெட்டி பெட்டியாக அனுப்பும் அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்க்க வேண்டும். பாதிக்கு மேல் வேலையைக் கட்டுகிறவர்களே செய்தால்தான் அங்கே அதை வீட்டில் கட்டிய விமானமாகப் பதிவு செய்வார்கள். அந்தக் கம்பெனி கிட்டில் உருவாகிப் பறந்தவை மட்டும் 11,000க்கு மேல். மும்பையில் மொட்டை மாடியில் ஆறு சீட்டு விமானம் கட்டி, 2017இல் அதற்குப் பதிவெண்ணும் வாங்கிய அமோல் யாதவுக்குப் பிடித்த அதே பைத்தியம்தான் இவனுக்கும்.

அலுமினிய வேலையில் தம்பி சுணங்கியதே இல்லை. எஞ்சின் மூடி, இறக்கை முனை, வால் முனை, சக்கர உறை என்று ஃபைபர் உருப்படிகள் வந்து இறங்கியதும்தான் நின்றுபோனான். தகட்டில் ஓட்டை ஏற்கெனவே போட்டு வரும், வைத்தால் உட்காரும். ஃபைபரோ ஓரம் நீண்டும் முதுகு லேசாக முறுக்கியும் வரும். இந்தக் கட்டத்தில் ஆறப்போடுகிறவர்கள் அங்கே நிறையப் பேராம்.

இங்கே காலை ஏழரை, அங்கே முந்தின நாள் இரவு ஒன்பது. வீடியோ காலில் அவன் எந்த டிரில், எந்தப் பசை என்று ஆரம்பித்தான். நீங்கள் பாகத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "மொதல்ல கழுவுங்க தம்பி" என்றீர்கள். அச்சிலிருந்து பிரிவதற்குப் பூசிய மெழுகு மேலேயே இருக்கும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் மெழுகு உள்ளே ஏறும், பிறகு பசையும் பிடிக்காது, பெயின்டும் நிற்காது. சோப்புத் தண்ணீர், அப்புறம் அசிட்டோன், அதற்கப்புறம்தான் எண்பதாம் நம்பர் தாள், பளபளப்பு முழுக்கச் செத்து வெளுக்கும்வரை. கோட்டின் மேல் வெட்டாமல் கோட்டுக்கு வெளியே வெட்டி, மிச்சத்தைத் தேய்த்தே கொண்டுவரச் சொன்னீர்கள். எஞ்சின் மூடிக்கு உள்ளே லைட்டைப் போட்டால் அடியில் தகட்டில் இருக்கும் ஓட்டை வெளியே தெரியும் என்றீர்கள். அதற்காக ஏதோ ஒரு கருவி வாங்க இருந்தான் தம்பி, நல்லவேளை.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. "நம்ம கைப்பழக்கம் பாலியஸ்டர், அவரோடது எபாக்ஸி. நான் சொல்றதை அப்படியே செய்யக் கூடாது" என்று நீங்களே எல்லை கட்டினீர்கள். பாலியஸ்டரில் வெயிலைப் பார்த்து ஹார்ட்னரைக் கூட்டிக் குறைக்கலாம். எபாக்ஸியில் தராசில் நிறுத்து, சொன்ன விகிதத்தில்தான் கலக்க வேண்டும், சீக்கிரம் காயட்டும் என்று கூட ஊற்றினால் கெட்டுப்போகும். பட்டறையில் மூலைக்கு மூலை கிடக்கும் கண்ணாடியிழைப் பாயான ‘மேட்’டும் அவனுக்கு ஆகாது. அதன் இழைகளைக் கட்டியிருக்கும் பசை பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் கரையாது. அதனால் நெய்த துணியே போடச் சொன்னீர்கள். 1975இல் பர்ட் ரூட்டான் வேரிஈஸி விமானத்தை அச்சே இல்லாமல், ஃபோமைச் சூட்டுக் கம்பியால் அறுத்து, அதன்மேல் கண்ணாடியிழைத் துணி ஒட்டிப் பறக்கவிட்டார். அவரும் எபாக்ஸிதான் எடுத்தார், பாலியஸ்டர் அந்த ஃபோமைத் தின்றுவிடும். இதை நான் படித்துச் சொன்னபோது, "தெர்மாகோல்ல ஊத்திப் பாத்தா யாருக்கும் தெரியுமே" என்று முடித்துவிட்டீர்கள்.

வால் முனைக்கு வந்தபோது கேட்டீர்களே, "இது அசையற பாகமா, அசையாததா?" என்று, அதைத் தம்பி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அசைகிற சுக்கானில் கீலுக்குப் பின்னால் பட்டியோ பெயின்டோ கூடினால் சமநிலை கெட்டு, வேகத்தில் அது படபடக்கத் தொடங்கலாம். வாலையே பிய்த்தெறியக்கூடிய நடுக்கம் அது. கிட்டோடு வந்த புத்தகத்திலும் இருந்த எச்சரிக்கைதான், இருந்தாலும் உங்கள் வாயிலிருந்து வந்த பிறகுதான் பட்டியைக் கிராம் கணக்கில் பூசினான். ரிவெட் உள்பக்கம் விரிந்து ஃபைபரைப் பிளக்காமலிருக்க அடியில் மெல்லிய அலுமினியப் பட்டை வைத்ததும் உங்கள் யோசனையே.

நீங்கள் ரேஸ் கார் பாடி செய்து பழகியவர். சென்னைக்காரர்களின் கார் பந்தயம் ஒரு காலத்தில் சோழவரத்தில், போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுபாதையில்தான் நடந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. ஓடுபாதையில் ஓடிய பந்தயத்தால் வளர்ந்த ஒரு கைத்தொழில் மறுபடி விமானத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. உங்களுக்கு இது சற்று அதிகமாகப்படும், தெரியும். பக்கத்திலேயே வல்லம் வடகாலில் விமானத் தொழிலுக்கென்றே ஒரு பூங்கா வருகிறது. உங்கள் பட்டறைப் பையன்களில் இரண்டு பேரையாவது அங்கே வரும் கம்பெனிக்காரர்கள் உள்ளே கூப்பிட்டுப் பேசினால் நஷ்டப்பட மாட்டார்கள்.

தம்பி இப்போது ஊசித்துளைகளை நீர்த்த எபாக்ஸி வழித்து அடைத்து, ப்ரைமர் அடிக்கத் தயாராக இருக்கிறான். காசு வாங்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னதால் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறான், அடுத்த வாரம் கொண்டுவருகிறேன். உள்ளே பட்டறையில் இருக்கும் ஆறு பேருக்கும் முகக்கவசம் இருக்கிறது, ஸ்டைரீன் வாடைக்கும் தூசிக்கும் தனித்தனி வடிகட்டியோடு. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டால் போதும் என்று இனிமேல் சொல்லாதீர்கள். பையன்கள் உங்களைப் பார்த்துத்தான் செய்வார்கள், அதனால் முதலில் நீங்கள் போடுங்கள் அண்ணே.

உங்கள் பட்டறைக்கு வழக்கமாக வரும் தங்கச்சி