ஒரு கல்விக்கடன் மனு

சென்ற ஆனியில், சிவகாசிக் கிளையில், என் மேஜைக்கு ஒரு கல்விக்கடன் மனு வந்தது. லிஸ்பன், புடாபெஸ்ட், பிரஸ்ஸல்ஸ் என்று மூன்று நகரங்களில் மாறி மாறித் தங்கி இரண்டு வருஷம் ஆவணப்படம் பயிலும் ‘டாக்நோமாட்ஸ்’ படிப்புக்காக. இடம் கிடைத்துவிட்டது, உதவித்தொகை கிடைக்கவில்லை. மனுதாரரின் தாய் தந்தை இருவரும் பட்டாசுத் தொழிலாளிகள்.

“படிச்சு முடிச்சா என்ன வேலை கிடைக்கும்னு எழுதணும், தம்பி” என்றேன்.

“படம் எடுப்பேன் சார்.”

“எதைப் பத்தி?”

பதில் சொல்லாமல் செல்போனை நீட்டினான். நான்கு நிமிஷம், ஒரே ஷாட். ஆலையிலிருந்து திரும்பிய அவன் அம்மா குழாயடியில் கை கழுவுகிறாள். அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் ரேகைகளை விட்டுப் போவதாயில்லை. எண்ணெய் தடவித் துடைக்கிறாள், சோப்புப் போடுகிறாள், திருப்பிப் பார்க்கிறாள், மறுபடி தேய்க்கிறாள். பேச்சில்லை, பின்னணி இசையில்லை.

எனக்கு உடனே ப்ரெஸ்ஸான் ஞாபகம் வந்தார். 1959இல் வந்த அவருடைய ‘பிக்பாக்கெட்’டில் முகங்கள் சலனமற்றிருக்க, கைகள்தாம் இயங்கும். அடுத்த கணமே வெட்கமாக இருந்தது. செலானில் கையெழுத்திடும், கைநாட்டு வைக்கும் இந்தக் கைகளை நான் கவுண்டரில் தினமும் பார்க்கிறேன். அவற்றைக் கவனிக்க எனக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் தேவைப்பட்டிருக்கிறார். அவனுக்குத் தேவைப்படவில்லை. ப்ரெஸ்ஸான் என்ற பெயரையே அவன் கேள்விப்பட்டதில்லை.

அப்படியானால் ஐரோப்பா போய் அவன் கற்க என்ன இருக்கிறது? நம் வட்டத்தில் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. அங்கே போனால்தான் கண் திறக்கும் என்பது ஒன்று; போனால் இருக்கிற கண்ணும் போய்விடும் என்பது மற்றது. இரண்டுமே சிந்தனைச் சோம்பல். குமார் ஷஹானி பூனாவில் ரித்விக் கட்டக்கிடம் படித்துவிட்டுப் பாரிஸின் இடெக் பள்ளிக்குப் போனவர். 1969இல் வந்த ப்ரெஸ்ஸான் படமொன்றில் உதவியாளராக இருந்தார். திரும்பி வந்து, நிர்மல் வர்மாவின் கதையை 1972இல் ‘மாயா தர்ப்பண்’ என்று எடுத்தார். அதே கட்டக்கின் மாணவரான ஜான் ஆபிரகாம் எல்.ஐ.சி. வேலையை உதறிவிட்டுப் பூனா போனவர். வெங்கட் சாமிநாதன் எழுதிய ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை 1977இல் தமிழில் எடுத்தார். ஒருவர் படிக்கக் கடல் கடந்தார், மற்றவர் கடக்கவில்லை. இருவருக்கும் பொதுவாக வாய்த்தது, சந்தைக்குப் பதில் சொல்லாமல் பார்க்கவும் தவறு செய்யவும் சில வருஷங்கள். திரைப்படப் பள்ளி என்பது, அது எந்த ஊரில் இருந்தாலும், அந்த அவகாசம்தான்.

வெளியே போய்க் கற்று வருவது சிவகாசிக்குப் புதிதல்ல. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததில்தான் இந்த ஊரின் இன்றைய வாழ்வே தொடங்குகிறது. வெளியூர் வித்தை என்று யாரும் அதை ஒதுக்கவில்லை. ஆனால் காலண்டருக்கும் வெடி லேபிளுக்கும் படம் அச்சடித்து நாடெங்கும் அனுப்புகிற ஊர், தன்னைப் படம் பிடிப்பதை மட்டும் பிறரிடம் விட்டிருக்கிறது. தீப்பெட்டி, பட்டாசு வேலையிலிருந்த குழந்தைகளைப் பற்றி 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ எடுத்த சலம் பென்னூர்கர் கர்நாடகத்துக்காரர். அவர் வந்ததைக் குறை சொல்லவில்லை, அவராவது வந்தார். மற்றபடி ஒவ்வொரு விபத்துக்கும் தொலைக்காட்சியில் அதே புகை, ‘மருந்துக் கலவையின்போது உராய்வு’ என்ற அதே வாக்கியம். காமிரா வெடித்த பிறகுதான் வருகிறது. கை கழுவுகிற நான்கு நிமிஷம் அதற்குச் செய்தியல்ல.

இதையெல்லாம் எழுத மனுவில் இடமில்லை. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்து ஜாமீன் வேண்டும். அவர்களிடம் இருந்தது பட்டா இல்லாத ஒன்றரை சென்ட் வீடு. ‘எதிர்பார்க்கும் மாத வருமானம்’ என்ற கட்டத்தை அவன் காலியாக விட்டிருந்தான். மேலே போகும் குறிப்பை நான்தான் எழுதினேன்: ‘ஜாமீன் போதாது. வேலைவாய்ப்பு நிச்சயமில்லை.’

முதல் வாக்கியம் விதி. இரண்டாவதை எழுதும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. பத்து வருஷமாக சினிமா பற்றி எழுதிவரும் கைதான் அதையும் எழுதியது.