பிரிஞ்சாங்: கண்ணாடிக்குள் அடங்காத தேயிலைமேடு

பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டி, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு குறுகலான சாலை பிரிகிறது. எதிரே வேன் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். அதே வழியில் மேலே ஏறினால் 2,031 மீட்டர் உயரத்தில் பிரிஞ்சாங் மலையுச்சி. பள்ளி விடுமுறையில் மட்டும் போகாதீர்கள், பாதி நாள் காருக்குள்ளேயே கழிந்துவிடும்.

1929-இல் ஜே.ஏ. ரஸல் தொடங்கிய ‘போ’ தேயிலையின் தோட்டம் இது. சீவிவிட்ட மாதிரி வளைந்து வளைந்து போகும் அந்தப் பச்சையைப் படம் பிடிக்காமல் யாரும் திரும்புவதில்லை. ஆனால் தேயிலை இயல்பில் ஒரு மரம். விட்டுவிட்டால் ஆளுக்கு மேல் வளர்ந்துவிடும். அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது கவ்வாத்துக் கத்தி. கேமரன் மலையில் அந்தக் கத்தியைப் பிடித்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுடையவை, பிறகு அவர்கள் பிள்ளைகளுடையவை. இப்போது நிரைகளில் நிற்பவர்கள் அதிகமும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கூடைக்குப் பதிலாகக் கத்தரியும், இருவர் பிடித்து நடக்கும் இயந்திரமும் வந்துவிட்டன.

பாரம்பரியத் தோட்டங்களை மெய்நிகர் வடிவில் சேமித்து வைக்கும் வேலை உலகெங்கும் நடக்கிறது. ஓவியர் மோனேயின் அல்லிக்குளத் தோட்டத்துக்குள் கண்ணாடி மாட்டிக்கொண்டு உலவும் அனுபவத்தை 2018-இல் பாரிஸின் ஒரான்ஜெரி அருங்காட்சியகம் காட்டியது. சீனாவின் ஜிங்மாய் மலைத் தேயிலைக் காடுகள் 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. ஆக, தேயிலையும் பாரம்பரியம்தான். நம் மலைக்கும் இது தேவை. சுற்றியுள்ள சரிவுகளில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வெள்ளை வெள்ளையாகப் பரவிக் கிடப்பதைப் பார்த்தாலே தெரியும்.

கோயிலைப் பதிவு செய்வது போலத் தோட்டத்தைப் பதிவு செய்ய முடியாது. லேசர் கருவி ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு, லட்சக்கணக்கான புள்ளிகளால் உருவத்தை வரைகிறது. கல்தூண் அசையாமல் நிற்கும். இலை நிற்குமா? காற்றடித்தால் புள்ளிகள் கலைந்துவிடும். சில வாரத்தில் கொழுந்து வெட்டப்பட்டதும் செடியின் உருவமே வேறு. எந்த நாளின் தோட்டத்தைச் சேமிப்பது?

பிரிஞ்சாங்கில் எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர். இப்போது முட்டி வலியால் மேடு ஏறுவதில்லை. இந்த மலையை யாரோ சுற்றுலாப் பயணி 360 பாகையில் எடுத்த காணொளியை என் கண்ணாடியில் போட்டு அவருக்கு மாட்டிவிட்டேன். முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, சறுக்கும் மண்ணில் ஊன்றுவது போல இடது காலை அழுத்தி வைத்தார்.

“பாப்பா, அந்த வளைவுலதான் எடை போடுவாங்க. மழையில தழை நனைஞ்சா கனம் கூடுதுன்னு கழிச்சுக்குவாங்க. அதுக்கு அங்கிட்டு ஆயாக்கொட்டகை. எம் மூத்தவன் அங்கதான் கெடப்பான்.”

அவர் விரல் காட்டிய இடத்தில் எனக்குத் தெரிந்தது செடி மட்டும்தான்.

அப்புறம் அவரே கேட்டார்: “ஏன் சத்தமே இல்ல?” காணொளிக்குப் புல்லாங்குழல் இசை போட்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்றது. என் தொழிலே சத்தம். பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் குரல், நிரைக்கு நிரை பேசிக்கொள்ளும் கேலி, கங்காணியின் அதட்டல் எல்லாம் எந்தப் புள்ளிக்கூட்டத்திலும் விழாது. அந்தச் சத்தங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். மலையை அடுத்த வருடமும் படம் எடுக்கலாம். அவர்களை முதலில் பதிவு செய்ய வேண்டும் என்பேன், கேமராக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

நான்கு ஒலிவாங்கிகளை ஒன்றாகச் சேர்த்த கருவிகள் இருக்கின்றன. சுற்றிலும் வரும் சத்தத்தைத் திசையோடு பிடிக்கும். மெய்நிகர் தோட்டத்தில் அந்த வளைவின் பக்கம் திரும்பினால் அம்மாவின் குரல் அங்கிருந்தே கேட்கும்படி வைக்கலாம். அவ்வளவு வசதி இல்லையென்றால் கைப்பேசி போதும். உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் வேலை பார்த்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், முடிந்தவரை அந்த இடத்துக்கே கூட்டிப்போய்ப் பேசவிடுங்கள். வீட்டுச் சோபாவில் வராத பெயரெல்லாம் சரிவைப் பார்த்ததும் வரும். கருவியின் மேல் ஒரு கம்பளித் துணி சுற்றிக்கொள்ளுங்கள், மலைக்காற்று இரைச்சலாக விழும். காலை எட்டுக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வேன்கள் ஏறத் தொடங்கிவிடும்.