பண்முறையா, தலமுறையா?

என் டெஸ்க்டாப்பில் வால்பேப்பர் தெரிந்து மாசக்கணக்காகிறது. பட்டா ஸ்கேன், பையனின் மார்க் ஷீட், 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்று எல்லாம் இறைந்து கிடக்கின்றன. பிரிக்க உட்கார்ந்தால், வகை வாரியாகவா ஊர் வாரியாகவா என்று குழப்பம்.

நம்ம சிதம்பரத்துக்கு இது பழைய சிக்கல். தில்லைக் கோயில் அறையில் கரையான் தின்றது போக மிஞ்சிய தேவார ஏடுகளை ராஜராஜன் மீட்க, நம்பியாண்டார் நம்பி முறைப்படுத்தினார் என்பது திருமுறைகண்ட புராணக் கதை. திருமுறை வரிசையில் சம்பந்தர் 1 முதல் 3, அப்பர் 4 முதல் 6, சுந்தரர் 7. உள்ளே பெரும்பாலும் பண் வாரி. அப்பரின் தாண்டகங்களுக்குத் தனியாக 6. பிற்காலப் பதிப்பாளர்கள் சிலர் ஊர் வாரியாக அடுக்கி, தலமுறை என்று அச்சிட்டார்கள். பாடுகிறவருக்குப் பண்முறை, கோயில் கோயிலாகப் போகிறவருக்குத் தலமுறை.

நான் தலமுறைக் கட்சி. 'கடலூர்', 'சிதம்பரம்' என ரெண்டு ஃபோல்டர். திருப்பாதிரிப்புலியூர் வீட்டு வரி ரசீதெல்லாம் சட்டென்று அடங்கிவிட்டது. படங்கள்தான் படுத்தின. பழைய போனிலிருந்து காப்பி செய்தவை பல, காப்பி செய்த நாளைக் காட்டுகின்றன. வாட்ஸ்அப் படங்களின் பெயரில் இருப்பது வந்த நாள். சாய்ந்த பலாமரம் என்றால் 2011 தானே புயல், தெருவில் தண்ணீர் என்றால் 2015 வெள்ளம் என்று கண்ணால்தான் பிரித்தேன். பெயரை 2011-12-30 என்று ஆண்டை முன்னால் வைத்து மாற்றினால் தானாக வரிசையில் நிற்கிறது. நாளை முன்னால் போட்டால் எல்லா வருஷத்து 30-ம் கூடிக் கும்மியடிக்கும்.

'இதர' என்றும் ஒரு ஃபோல்டர் உண்டு. இப்போதைக்கு அதுதான் பெருசு.